சத்திரத்து வாசலில் மைக் பிடித்த நாட்கள்

நம் குழுவில் புதிதாகச் சேர்ந்து கூட்டம் நடத்தப்போகிறவர்களுக்கு நாலு வார்த்தை பேச வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். இத்தனை வருடம் மைக் பிடித்தவன்தானே, பேசிவிடுவான் என்று நினைத்திருப்பார்கள். பிடித்தது உண்மைதான். அடுத்தவர் வாயருகே பிடித்தேன். என் வாயருகே அதைக் கொண்டுபோனதெல்லாம் "ஹலோ, ஹலோ, ஒன், டூ, த்ரீ" சொல்வதற்கு மட்டும்தான். அதனால் எழுதித் தருகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

வயர் இழுப்பது, பெட்டி வைப்பது பற்றி நான் எழுதப்போவதில்லை. இப்போது வருகிற பெட்டிகளில் பாதிப் பொத்தான்கள் எதற்கென்று எனக்கே தெரியாது. ஸ்பீக்கர் பக்கத்திலேயே நின்று நின்று வலது காதும் மந்தமாகிவிட்டது. காது போன மைக்செட்காரனை யாரும் வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டார்கள், நானும் வைத்துக்கொள்ள மாட்டேன். அதனால்தான் அறுபதுக்கு முன்பே ஒதுங்கிக்கொண்டேன்.

ஒதுங்கின பிறகு ஒன்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணி ஆனால் கை தானாக வயரைத் தேடுகிறது.

குழுவுக்கு நான் முதன்முதலாக மைக் கட்டியது ஒரு ஏரிக்கரையில். பழைய மதகைப் பற்றி ஒரு பேராசிரியர் பேச வந்திருந்தார். ஊர் முழுக்கக் கேட்கட்டும் என்று குழாய் ஸ்பீக்கரைப் புளியமரத்தில் ஏற்றி டீக்கடைப் பக்கம் திருப்பிவிட்டேன். நன்றாகவே கேட்டது. டீக்கடை நிரம்பிவிட்டது. நாற்காலிகள் காலியாக இருந்தன. பேராசிரியர் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார். கூட்டம் முடிந்ததும் டீக்கடைக்காரர் வந்து, "சூப்பர்பா உன் சவுண்டு! அடுத்த மாசமும் இந்தப் பக்கமே திருப்பி வெய்யி, வடை உனுக்கு ஃப்ரீ" என்றார். தலைவரம்மா என்னைப் பார்த்த பார்வையில் அந்த வடை எனக்கு வேண்டாம் என்று தோன்றிவிட்டது.

தலைவரம்மா என்று நாங்கள் கூப்பிட்டது குழுவைத் தொடங்கியவரை. திருவள்ளூர் பக்கம் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மாதம் ஒரு ஊர், ஒரு பேச்சு என்று வைத்துக்கொண்டு கல்வெட்டு, பழைய தேவாலயம், ரயில் வந்த கதை என்று விடாமல் நடத்தினார். எல்லாப் பேச்சையும் நான் ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். பள்ளிக்கூடம் விட்டுப்போனவனுக்கு அதுதான் பள்ளிக்கூடம். கேள்வி நேரம் வந்தால் மைக்கை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போவேன். எனக்கும் கேள்விகள் இருந்தன. மைக் என் கையிலேயேதான் இருந்தது. கேட்டதில்லை. கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அந்த மாதிரி ஒரு மாலை நேரம், அந்த நாற்காலிகள், மைக்கை நீட்டினால் முதலில் வெட்கப்பட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளும் கைகள், எல்லாம் மனதில் வந்து வந்து போகின்றன.

இந்த இடத்தில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடம்பத்தூரில் மைக்செட் கடை வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாவற்றுக்கும் அவர் பெட்டிதான். ஒரு துக்கக் கூட்டத்தில், செத்துப்போனவரின் தம்பி பேச வந்தார். இரண்டு வாக்கியம் பேசினார். பிறகு பேச்சில்லை. கூட்டம் செருமுகிறது, யாரோ "போதும்பா, எறக்கி உடுங்க" என்கிறார்கள். நான் மைக்கை நிறுத்துவதற்குக் கையைக் கொண்டுபோனேன். முதலாளி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"முடிச்சுட்டவன் மைக்கக் கீழ எறக்குவான்டா. அவன் பாரு, இன்னும் வாய்கிட்டயே வெச்சினுகிறான். இன்னும் இன்னாவோ இருக்குது உள்ள."

அந்தத் தம்பி ரொம்ப நேரம் கழித்துத் தன் காலைப் பார்த்தார். "இந்தச் செருப்பு அண்ணன் வாங்கிக் குடுத்தது" என்றார். மைக்கைக் கீழே இறக்கினார். அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு பேசினவர்கள் யாரும் எதுவும் பெரிதாகச் சொல்லிவிடவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சத்திரத்துக் கூட்டத்தன்று என் கை மறுபடியும் அந்தப் பொத்தானுக்குப் போனது. அன்றைக்கு என் மணிக்கட்டைப் பிடிக்கப் பக்கத்தில் யாரும் இல்லை.

பெரியபாளையம் போகிற கிளைச் சாலையில் இருக்கிறதே, அந்தச் சத்திரம்தான். இப்போது நீங்கள் உள்ளே நாற்காலி போட்டுக் கூட்டம் வைக்கிறீர்கள். அப்போது அதன் கதவில் பூட்டு. ஓடு சரிந்து, சுவரில் ஆலங்கன்று முளைத்து நின்றது. அந்தக் காலத்தில் ஆடி மாதம் பவானியம்மன் கோயிலுக்கு வண்டி கட்டிக்கொண்டு போகிறவர்கள் தங்கிச் சாப்பிட்டுப் போன இடம். தொழிற்பேட்டைக்கு வருகிற லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கின்றன, சத்திரத்தை இடித்தால் லாரி நிறுத்தலாம் என்று ஊரில் பேச்சு எழுந்தது. அடுத்த கிராம சபையில் தீர்மானம் வரும் என்றார்கள். அதற்கு முன்னால் ஊர் மனதைத் திருப்ப வேண்டும் என்று தலைவரம்மா சத்திரத்து வாசலிலேயே ஒரு பேச்சுக் கூட்டம் வைத்தார். ஆறு மாதம் அலைந்து செய்த ஏற்பாடு. இதில் தோற்றால் கட்டடம் போய்விடும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

முன்வரிசையில் மேட்டுத்தெருப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். சத்திரம் கட்டிய குடும்பத்தில் வந்தவர், நெல் நிலம் நிறைய உள்ளவர். கதவுச் சாவி அவரிடம்தான் இருந்தது. பேச வந்தவர்கள் எல்லாரும் அவருடைய முன்னோர்களைப் புகழ்ந்தார்கள். வந்தவர்க்கெல்லாம் சோறு போட்ட வாசல் என்று ஒருவர் சொன்னபோது நல்ல கைதட்டல்.

கேள்வி நேரத்தில் கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. மோசஸ். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. ஷிப்ட் முடிந்து கம்பெனிச் சட்டையோடு வந்திருந்தார். மைக்கைக் கொடுத்துவிட்டு என் இடத்துக்குத் திரும்பினேன்.

"எல்லாரும் நல்லாப் பேசுனீங்க" என்று ஆரம்பித்தார். "வந்தவங்களுக்கெல்லாம் சோறு போட்டாங்கன்னீங்க. எங்க நைனா மேட்டுத்தெரு வண்டி ஓட்டினவரு. ஆடி மாசம் வண்டி கட்டிக்கினு இங்க வந்தா, வண்டியில வந்தவங்க உள்ள போயிடுவாங்க. எங்க நைனாவுக்கு தோ, அந்தக் கல்லு."

சத்திரத்துக்கு எதிரே, சாலையோரத்தில் இருக்கிற சுமைதாங்கிக் கல்லைக் காட்டினார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மாட்ட அவுத்துக் கட்டிட்டு அங்கதான் ஒக்காந்துக்கினு இருப்பாராம். உள்ளேர்ந்து கொரல் வருமாம். 'எலை போட்டாச்சு, எல்லாரும் வாங்க'ன்னு. எங்க நைனா அத்த அப்படியே ராகம் போட்டு ஊட்டுல கூப்புடுவாரு, எங்கள கஞ்சி குடிக்கறதுக்கு. எலையே இருக்காது."

கூட்டத்தில் சிரிப்பு.

"சிரிங்க, சிரிங்க. நாங்களும் சிரிச்சுக்கினுதான் குடிச்சோம். இப்ப ஒண்ணு கேக்கறேன். எல்லாரும் வாங்கன்னா, அந்த எல்லாரும் யாரு?"

சிரிப்பு நின்றுவிட்டது. மேட்டுத்தெருப் பெரியவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "யோவ், இன்னா பேசற நீ? செத்துப்போனவங்களப் பத்திப் பேசறதுக்கா கூட்டம் வெச்சிகிறாங்க? இந்தாம்மா, இதுக்குத்தான் என்னைக் கூப்ட்டீங்களா? நான் கெளம்பறேன், சாவியும் கெடையாது ஒண்ணும் கெடையாது."

"நீ போய்யா, அவரு பேசட்டும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "ஏய், யார்ரா அது?" என்று முன்னாலிருந்து இன்னொரு குரல். நாற்காலிகள் இழுபடுகிற சத்தம். தலைவரம்மா என் பக்கம் திரும்பி, கையைக் கீழே அமுக்கிக் காட்டினார். மைக்கை நிறுத்து என்று அர்த்தம். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. ஆறு மாத அலைச்சல் அந்த நிமிடத்தில் கண்முன்னால் இடிந்துகொண்டிருந்தது.

என் கை பொத்தானில் இருந்தது. எனக்குத் தைரியம் வந்தது என்றெல்லாம் எழுத மாட்டேன். நான் மோசஸைப் பார்த்தேன். அவர் பேசவில்லை. கூச்சல் நடுவில் சும்மா நின்றார். ஆனால் மைக் அவர் வாயருகிலேயே இருந்தது.

இன்னொன்றும் உண்டு. என் அப்பாவும் வண்டி ஓட்டியவர்தான். வேறு தெரு, வேறு வண்டி. அந்தக் கல் அவருக்கும் தெரியும்.

நான் மைக்கை நிறுத்தவில்லை. சத்தத்தையும் கூட்டவில்லை. கூச்சலில் மைக் கீச்சிடாமல் இருக்க, கனமான ஒலியை மட்டும் கொஞ்சம் குறைத்து அவர் குரல் தெளிவாக வருகிற மாதிரி வைத்தேன். அதற்கு மேல் என் வேலை இல்லை.

மோசஸ் மூச்சை இழுத்து விட்டது ஸ்பீக்கரில் கேட்டது. அந்த மூச்சுச் சத்தத்துக்கே கூட்டம் கொஞ்சம் அடங்கியது.

"இடிச்சுப் போடுங்கன்னு சொல்ல நான் கைய தூக்கல" என்றார். "எங்க நைனா அந்தக் கல்லுல ஒக்காந்துக்கினே உள்ள இருக்கறது அத்தினியும் சொல்வாரு. ஊஞ்சலு அம்மாம் பெருசாம். கூடத்துல தேரே ஓடலாமாம். எல்லாம் காதால கேட்டுக் கேட்டுச் சொன்னது. கண்ணால பாத்ததில்ல. நானும் பாத்ததில்ல. இதை இடிச்சுட்டு லாரி நிறுத்திட்டீங்கன்னா, நான் எங்க போயிப் பாக்கறது? நான் இன்னும் உள்ளயே போவலியே சார்."

மைக்கைக் கீழே இறக்கினார்.

யாரும் கைதட்டவில்லை. மேட்டுத்தெருப் பெரியவர் நின்றபடியே இருந்தார். பிறகு உட்கார்ந்தார். உட்கார்ந்துவிட்டார் என்பதே அன்றைக்குப் பெரிய விஷயம்.

நாற்காலிகளை அடுக்கும்போது தலைவரம்மா வந்தார். "நான் கை காட்டினது தெரியலையா தம்பி?"

"தெரிஞ்சுதும்மா."

"அப்புறம்?"

"அவரு இன்னும் முடிக்கலம்மா."

அவர் ஒரு நாற்காலியைத் தானே எடுத்து அடுக்கின் மேல் வைத்தார். அதற்கு முன்னால் அவர் நாற்காலி தூக்கி நான் பார்த்ததில்லை.

பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு மோசஸைத் தேடிப் போய்ப் பேசினார். "சாவி வாங்கித் தரச் சொல்றேன். இப்பவே உள்ள போய்ப் பாத்துட்டு வாங்களேன்."

"எட்டிப் பாக்கறதுக்கு வேணாம்மா. ஒரு நாளு நல்லா ஒக்காந்து பாக்கறேன்" என்றார் மோசஸ். என் பக்கம் திரும்பி, "இன்னாய்யா மைக்செட்டு, அந்தம்மா சைகை காட்டுது, நீ கல்லு மாதிரி நிக்கற. மைக்செட்டுக்காரனுக்குக் காது கேக்காதும்பாங்க, கண்ணும் தெரியாதா?" என்றார். அப்போது எனக்குக் காது நன்றாகவே கேட்டுக்கொண்டிருந்தது.

கிராம சபையில் சத்திரம் பிழைத்தது. இடிக்கக் கூடாது என்று கை தூக்கினவர்களில் பாதிப்பேர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்கள். பெரியவர் கை தூக்கவில்லை, எதிர்க்கவும் இல்லை. சாவி மட்டும் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு அனுமதி, கூரை, சுவர் என்று வருடக்கணக்கில் இழுத்தது. நடுவில் எத்தனையோ கூட்டம் வாசலிலேயே நடந்தது. மோசஸ் ஷிப்ட் இல்லாத நாளில் வந்து கடைசி வரிசையில் உட்காருவார். என்னைப் பார்த்ததும் கேட்பது ஒரே கேள்விதான். "உள்ள எப்பய்யா?"

அந்த நாள் வந்தபோது தலைவரம்மா இல்லை. அதற்கு முந்தின மழைக்காலத்தில் போய்விட்டார். உள்ளே நடக்கப்போகிற முதல் கூட்டத்தில் இலை போட்டுச் சாப்பாடு போட வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார். பொட்டலம் கூடாது, இலைதான் என்று.

காலையில் நான்தான் முதலில் உள்ளே போனேன். தோளில் வயர்ச்சுருளோடு போனதால் வாசற்படியைத் தாண்டியதே தெரியவில்லை. முற்றத்துக்கு வந்த பிறகுதான் நின்றேன். சின்ன முற்றம். சுற்றி மரத்தூண்கள். உத்தரத்தில் ஊஞ்சல் மாட்டின இரும்பு வளையங்கள் மட்டும் இருந்தன. பெட்டியைப் போடுவதற்கு முன்பே பழக்கத்தில் "ஹலோ" என்றேன். கூடம் அதை வாங்கி, பெரிதாக்கி, திருப்பிக் கொடுத்தது. இந்த இடத்துக்கு மைக்கே வேண்டாமே என்று நினைத்துக்கொண்டேன்.

மோசஸ் இரவு ஷிப்ட் முடித்துக் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பேச்சு ஆரம்பிக்க நேரம் இருந்தது. வாசலில் செருப்பை விட்டார். உள்ளே வந்தார். முற்றத்தைப் பார்த்தார். தூண்களைப் பார்த்தார். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை நடந்தார். ரொம்ப நேரம் ஆகவில்லை, ஏனென்றால் அது சின்ன இடம்.

"இவ்ளோதானா?" என்றார்.

"இவ்ளோதான்ணே."

"தேர் ஓடலாம்னாரே. எங்க ஓடறது, சைக்கிள் திருப்ப முடியல." சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "சும்மா அட்சி உட்டுக்கினு இருந்துகிறாரு எங்க நைனா. நான் ஒரு பைத்தியக்காரன். இத்தினி வருசம் அத்த நம்பிக்கினு இருந்துகிறேன்."

ஒரு ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்தார். பேச்சு நடந்தது. அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. பேச்சு முடிந்து கூடத்தில் இலை போட ஆரம்பித்தபோது எழுந்தார். "தூக்கம் வருது, கெளம்பறேன்பா" என்று வாசலுக்குப் போனார்.

போகிறவரின் முதுகைப் பார்த்தேன். அப்பா பொய் சொல்லிவிட்டார் என்கிற எண்ணத்தோடு அவர் வீட்டுக்குப் போகப்போகிறார். அவர் அப்பா பொய் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். காலையில்தானே கேட்டேன். கண்ணால் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டவனுக்கு அந்தக் கூடம் எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும்! அதை எப்படிச் சொல்வது? நான் வாயால் விளக்கிச் சொல்லிப் பழகியவனா?

பின்னாலேயே ஓடினேன். "அண்ணே, ஒரு நிமிசம். அந்தக் கல்லுகிட்ட போயி நில்லுங்க."

"எதுக்குய்யா?"

"நில்லுங்கண்ணே. வயரு செக் பண்ணணும்." பொய்தான். வேறொன்றும் வாயில் வரவில்லை.

"அங்க ஏதுய்யா வயரு?" என்று முனகிக்கொண்டே சாலையைத் தாண்டிப் போய் நின்றார்.

நான் உள்ளே வந்தேன். ஆம்ப்ளிஃபையரை அணைத்தேன். கூடம் முழுக்க ஆட்கள். இலை போடுகிறவர்கள், தண்ணீர் வைக்கிறவர்கள், எல்லாரும் எனக்குத் தெரிந்தவர்கள். ஹலோவைத் தவிர என் குரலை யாரும் கேட்டதில்லை. முற்றத்துக்கு நடுவில் போய் நின்றேன். யாரோ, "இன்னாபா, கரண்டு போச்சா?" என்றார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு கூப்பிட்டேன்.

"எலை போட்டாச்சு! எல்லாரும் வாங்க!"

தூண்களில் பட்டு, ஓட்டில் ஏறி, அது என் குரல் மாதிரியே இல்லை. பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். இன்னொரு தடவை கூப்பிட்டேன். இந்தத் தடவை ராகம் தானாக வந்தது. என் அப்பாவும் வீட்டில் அந்த ராகத்தில்தான் எங்களைக் கூப்பிடுவார். அது எங்கிருந்து வந்தது என்று அதுவரை நான் யோசித்ததில்லை.

வெளியே எதுவும் நடக்கவில்லை. லாரி ஒன்று போகிற சத்தம் கேட்டது. போய்விட்டார் என்றே நினைத்தேன்.

பிறகு வாசலை மறைத்துக்கொண்டு மோசஸ் நின்றார். தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தேர் ஓடுதுய்யா" என்றார்.

உள்ளே வந்து முதல் வரிசையில், முற்றத்தைப் பார்த்த மாதிரி போட்டிருந்த இலை முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்து, "இன்னா பேஜாருய்யா உன்னோட! இப்படி ஒரு வாய வெச்சிக்கினா இத்தினி வருசம் ஹலோ ஹலோன்னு சொல்லினு இருந்தே? சாம்பார ஊத்தச் சொல்லு" என்றார்.

மேட்டுத்தெருப் பெரியவர் அன்றைக்கு வரவில்லை. அவருக்குப் போட்ட இலை கடைசிவரை அப்படியே இருந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் எழுதிவிடக் கூடாது என்பதற்காக இதையும் சொல்கிறேன்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இரண்டுதான். பேசுகிறவர் மைக்கை வாயிலிருந்து இறக்குகிறவரை பொத்தானில் இருக்கிற உங்கள் கை அசையக் கூடாது, யார் சைகை காட்டினாலும் சரி. மைக்கே தேவைப்படாத இடமும் உண்டு. அங்கே தைரியமாக அணைத்துவிடுங்கள்.

இன்னொன்று, இது அறிவுரை இல்லை. கேட்டுக்கொள்கிறேன். அந்தக் குரலை மோசஸ் வெளியே நின்று கேட்டார். நான் உள்ளே நின்று கூப்பிட்டேன். வெளியிலிருந்து அது எப்படிக் கேட்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். வலது காது போனாலும் இடது காது இன்னும் மிச்சம் இருக்கிறது.

அடுத்த தடவை சத்திரத்தில் கூட்டம் வைத்தால், இலை போட்டதும் முற்றத்தில் நின்று ஒரு தடவை உரக்கக் கூப்பிடுங்கள். நான் அந்தக் கல் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பேன்.